பீஸ் கட்டலைன்னு பையனை அப்பாகிட்ட அனுப்பாம இருக்கேன். சரியா?

அல்சூர்_அம்மா · ஞாயிறு, இரவு 11:40

இவ்வளவு நாள் இங்க எல்லாரும் எழுதறதைப் படிச்சுக்கிட்டு மட்டும்தான் இருந்தேன். இன்னைக்கு வேற யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியலை.

பையனுக்கு 6 வயசு முடிஞ்சு மூணு மாசம். நானும் அவரும் பிரிஞ்சு 14 மாசம் ஆகுது. நான் பெங்களூர் அல்சூர்ல எங்க அம்மா வீட்ல இருக்கேன், அவர் எலக்ட்ரானிக் சிட்டி பக்கம். விவாகரத்து மனு அவர் போட்டது. சித்தையா ரோடு நியாய தேகுலாவுல இருக்கற குடும்ப கோர்ட்ல கேஸ் நடக்குது. ரெண்டாவது, நாலாவது சனிக்கிழமை காலை 10 மணியிலேர்ந்து சாயங்காலம் 5 மணி வரைக்கும் பையன் அவர்கிட்ட இருக்கணும்னு இடைக்கால உத்தரவு இருக்கு. பணத்துக்கு உத்தரவு ஒண்ணும் இல்லை. ‘ஸ்கூல் பீஸ் என் பொறுப்பு’ன்னு அவரே சொன்னார், போன வருஷம் கட்டவும் கட்டினார். அதனால நானும் கோர்ட்ல எதுவும் கேக்கலை.

இந்த வருஷம் முதல் தவணை 42,000. கடைசித் தேதி வரைக்கும் ‘பாக்கறேன்’னார். அப்புறம் ‘உனக்கும்தான் சம்பளம் வருதே’ன்னார். என் கைக்கு வர்றது 31,000. அம்மாவோட வளையலை அடகு வெச்சுக் கட்டினேன். அம்மா ஒரு வார்த்தை சொல்லலை. சோப்பு போட்டுக் கழட்டிக் கொடுத்தாங்க, அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் வந்த ரெண்டு சனிக்கிழமையும் பையனை அனுப்பலை. முதல் தடவை காய்ச்சல்னு சொன்னேன். பொய். ரெண்டாவது தடவை போனையே எடுக்கலை.

இன்னொரு பயமும் இருக்கு. பையனுக்கு வீசிங். இந்த ஊர்க் குளிரும் தூசியும் சேர்ந்தா நெஞ்சு இழுக்க ஆரம்பிச்சிடும். இன்ஹேலரைக் குலுக்கி, ஸ்பேசர்ங்கற குழாய்ல மாட்டி, மூஞ்சில ஒட்டி வெச்சு, மூச்சை எண்ணிக் கொடுக்கணும். ராத்திரி எழுந்து அதைச் செஞ்சதெல்லாம் நான். அவருக்குத் தெரியாது.

மாமியார் போன்ல, ‘அஞ்சு வயசு தாண்டிட்டா ஆம்பளப் பிள்ளை அப்பனுக்குத்தான், சட்டமே அப்படித்தான் இருக்கு’ன்னு சொல்றாங்க. அதைக் கேட்டதிலேர்ந்து தூக்கம் இல்லை. நான் பண்றது தப்பா?

ஸ்ரீராம்புரம்_பாட்டி · திங்கள், காலை 6:15

ஒரு தப்பும் இல்ல கண்ணு. பெத்தவ வளையலை அடகு வெச்சுப் படிக்க வெக்கறா, அவன் சனிக்கிழமை வந்து ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்து நல்லவன் ஆயிடுவானா? பணத்தை வெச்சுட்டுப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போன்னு சொல்லு. என் மக விஷயத்துல நாங்க விட்டுக்குடுத்து விட்டுக்குடுத்துத்தான் ஏமாந்தோம்.

இரண்டாம்_சனிக்கிழமை · திங்கள், காலை 9:05

பாட்டிம்மா, உங்க கோபம் புரியுது. ஆனா நான் இதே தப்பை எதிர்ப்பக்கத்துல இருந்து பண்ணினவன். அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

பாணஸ்வாடியில இருக்கேன். பொண்ணுக்கு இப்ப 11 வயசு. அவளோட அம்மாவும் நானும் பிரிஞ்சு 7 வருஷம். பொண்ணுக்கு மாசம் 18,000 தரணும்னு உத்தரவு. கொடுத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு கட்டத்துல சனிக்கிழமை ஆனா ஏதாவது ஒரு காரணம் வர ஆரம்பிச்சுது. பாட்டு கிளாஸ், உறவுக்காரங்க கல்யாணம், உடம்பு சரியில்லை. நாலு மாசம் பொண்ணு முகத்தைப் பாக்கலை. ‘பாக்க விடாதவளுக்கு எதுக்குப் பணம்’னு நிறுத்திட்டேன். அஞ்சு மாசம்.

அவ அம்மாவைத் தண்டிக்கறேன்னு நெனச்சேன். ரெண்டு வருஷம் கழிச்சு, கப்பன் பார்க்ல உக்காந்து வேர்க்கடலை சாப்பிட்டுக்கிட்டு இருந்தப்ப, பொண்ணு சாதாரணமா ஒண்ணு சொன்னா: ‘அப்பா, மூணாங்கிளாஸ்ல பீஸ் கட்டாதவங்க பேரைப் படிச்சாங்க, என் பேர் ரெண்டாவது. நான் ஷூ லேஸ் கட்டற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.’ அவ கடலைத் தோலை ஊதிக்கிட்டே சொன்னா. எனக்கு அந்த இடத்துல எழுந்து நிக்க முடியலை.

அந்த அஞ்சு மாசப் பாக்கி 90,000-த்தை வாரண்ட் நோட்டீஸ் வந்த பிறகு கடன் வாங்கிக் கட்டினேன். கோர்ட்ல ஜட்ஜ் என்கிட்ட கேட்டது ஒரே கேள்வி: ‘பாக்க விடலைன்னா இங்க வந்து மனு போடாம ஏன் பணத்தை நிறுத்தினீங்க?’ பதில் இல்லை. அதுக்கப்புறம் மனு போட்டேன், விசிட்டேஷன் ஒழுங்கா நடக்க ஆரம்பிச்சுது. முதல்லயே அதைச் செஞ்சிருக்கணும்.

தங்கச்சி, உங்க வீட்டுக்காரர் பண்ணினது தப்பு. அதுல ரெண்டு கருத்து இல்லை. ஆனா நீங்க நிறுத்தி வெச்சிருக்கறது அவருக்குச் சேர வேண்டியதை இல்லை, பையனுக்குச் சேர வேண்டியதை. அவர் நிறுத்தினதும் அதைத்தான்.

சாந்திநகர்_வக்கீல் · திங்கள், இரவு 9:30

குடும்ப நீதிமன்றத்தில் 16 ஆண்டுகளாக வழக்கு நடத்துகிறேன். மேடம், முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுத்த விஷயத்துக்கு வருகிறேன்.

1956-ஆம் ஆண்டு இந்து இளவர் (மைனர்) மற்றும் காப்பாளர் சட்டம், பிரிவு 6. ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்கிறது. ஐந்து முடிந்த மறுநாள் தகப்பனிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. அதே சட்டத்தின் பிரிவு 13, குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது. ஆறு வயதோ பத்து வயதோ, நீதிபதி பார்ப்பது அதைத்தான்: பள்ளி, உடல்நலம், யாரிடம் பழகியிருக்கிறான், யார் நேரம் ஒதுக்குகிறார்கள். தகப்பன்தான் முதல் காப்பாளர், ‘அவருக்குப் பிறகு’ தாய் என்ற வாசகமும் பிரிவு 6-இல் உண்டு. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போனபோது தகப்பன் கையெழுத்து கேட்டார்கள். அவர் உச்ச நீதிமன்றம் போனார். ‘பிறகு’ என்றால் தகப்பன் இறந்த பிறகு என்று பொருள் இல்லை, அவர் பொறுப்பில் இல்லாதபோது தாயே காப்பாளர் என்று 1999-இல் தீர்ப்பு வந்தது. உங்கள் மாமியார் சொன்னது சட்டம் இல்லை. நிம்மதியாகத் தூங்குங்கள்.

இப்போது கசப்பான பகுதி. அவர் மீறியது வாய்வார்த்தையை. நீங்கள் மீறியது நீதிமன்ற உத்தரவை. நியாயத்தின் தராசில் எது கனம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, நகை அடகு வைத்த வீட்டின் வேதனை எனக்கும் தெரியும். ஆனால் அடுத்த வாய்தாவில் அவருடைய வக்கீல் எழுந்து ‘ரெண்டு சனிக்கிழமை குழந்தையைக் காட்டவில்லை, காய்ச்சல் என்று பொய் சொன்னார்’ என்று மனு கொடுத்தால் உங்கள் 42,000 ரூபாய் பின்னுக்குப் போய்விடும். அவமதிப்பு நடவடிக்கை கேட்கலாம். அதைவிட ஆபத்து, ‘இந்தத் தாய் குழந்தையைத் தகப்பனிடமிருந்து பிரிக்கப் பார்க்கிறார்’ என்ற எண்ணம் நீதிபதி மனதில் விழுவது. இறுதி கஸ்டடி விசாரணையில் அந்த எண்ணம் உங்களுக்கு எதிராக நிற்கும்.

பணத்துக்கு வழி இருக்கிறது, நீங்கள் இன்னும் அந்தக் கதவைத் தட்டவே இல்லை. நடக்கும் வழக்கிலேயே இந்துத் திருமணச் சட்டம் பிரிவு 26-இன் கீழ் மகனின் பராமரிப்புக்கும் படிப்புக்கும் ஒரு ஐ.ஏ., அதாவது இடைக்கால மனு, போடுங்கள். எதிர்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து கூடுமானவரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஆனால் இழுத்தாலும் நஷ்டம் குறைவு. 2020 நவம்பர் 4-ஆம் தேதி ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், பராமரிப்புத் தொகையை மனு போட்ட தேதியிலிருந்து கணக்கிட வேண்டும் என்று சொல்லிவிட்டது. தீர்ப்பு வந்த தேதியிலிருந்து இல்லை. அதனால் நீங்கள் மனு போடாமல் தள்ளும் ஒவ்வொரு மாதமும் கை நழுவிப் போகிற பணம்.

அதே தீர்ப்பின்படி இருவருமே சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் காட்டிப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். நம் நாட்டில் குழந்தைக்கு இத்தனை சதவீதம் என்று வாய்ப்பாடு கிடையாது. இந்தப் பத்திரமும் உங்கள் செலவுக் கணக்கும்தான் தொகையைத் தீர்மானிக்கும். பள்ளி ரசீது, வேன் கட்டணம், மருந்துக் கடை பில், ஸ்பேசர் வாங்கிய பில், அடகுச் சீட்டு, எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

ஓசூர்_மாமா · செவ்வாய், காலை 7:50

எதுக்கும்மா இவ்வளவு அலைச்சல்? சென்னையில சொந்தக்காரங்க இருந்தா பையனைக் கூட்டிக்கிட்டு பிருந்தாவன் ரயில்ல ஏறிடு. அங்க ஸ்கூல்ல சேத்துட்டா இவங்க என்ன பண்ணுவாங்க?

சாந்திநகர்_வக்கீல் · செவ்வாய், காலை 8:20

ஐயா, தயவுசெய்து இந்த யோசனையை யாருக்கும் சொல்லாதீர்கள். உத்தரவு நடப்பில் இருக்கும்போது நீதிமன்ற அனுமதி வாங்காமல் ஊரைவிட்டுக் குழந்தையைக் கூட்டிப்போனால் ஆட்கொணர்வு மனு வரும். அனுமதி கேட்டுப் போகலாம். வேலை மாறுதல், பெற்றோர் ஆதரவு என்று காரணம் காட்டி, விடுமுறையில் தகப்பனுக்கு எத்தனை நாள் என்றும் எழுதிக் கொடுத்தால் கிடைத்த வழக்குகள் உண்டு.

அல்சூர்_அம்மா · செவ்வாய், இரவு 10:55

சென்னைக்குப் போற எண்ணம் இல்லை மாமா. பையனுக்கு இப்பத்தான் கன்னட எழுத்து கூட்டிப் படிக்க வந்திருக்கு.

வக்கீல் சார், ரெண்டு கேள்வி. என் சம்பளத்தையும் காட்டினா ‘அவளே சமாளிச்சுக்குவா’ன்னு சொல்லிடுவாங்களா? ஏற்கெனவே கட்டின 42,000 திரும்ப வருமா?

சாந்திநகர்_வக்கீல் · புதன், காலை 7:10

சம்பளத்தை மறைக்காதீர்கள். மறைத்தது வெளியே வந்தால் மிச்சம் நீங்கள் சொல்லும் உண்மையையும் நம்ப மாட்டார்கள். தாய் வேலைக்குப் போகிறாள் என்பதால் தகப்பனின் கடமை போய்விடாது. 1956-ஆம் ஆண்டின் இந்து சுவீகாரம் மற்றும் ஜீவனாம்சச் சட்டம், பிரிவு 20, பிள்ளைகளைப் பராமரிக்கும் கடமை தாய் தகப்பன் இருவருக்கும் உண்டு என்கிறது. எனவே வருமான விகிதப்படி பிரிக்கலாம். அவர் உங்களைப் போல் மூன்று மடங்கு வாங்கினால் சுமையிலும் அந்தக் கணக்கு தெரிய வேண்டும் என்று வாதாடலாம். இன்னொன்று, குழந்தையைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, பள்ளிக்கு அனுப்புவதும் பங்களிப்புதான். மனுவில் அதையும் ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். பல பெண்கள் அதை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்.

மனு போடுவதற்கு முன் கட்டிய பணத்தை ரசீது வைத்துக் கேட்டுப் பார்க்கலாம், அதையே நம்பி இருக்க வேண்டாம். அடுத்த தவணையைப் பள்ளிக் கணக்கிலேயே அவர் நேரடியாகக் கட்ட வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் கைக்கு வந்து போனால் ‘அவள் செலவழித்துவிட்டாள்’ என்ற பேச்சு வரும்.

உத்தரவு வந்த பிறகும் கட்டாவிட்டால் சம்பளத்தை ஜப்தி செய்யலாம். சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தில் பெரும்பகுதிக்குப் பாதுகாப்பு உண்டு. பராமரிப்புக்கான தீர்ப்பு என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும்தான் பாதுகாப்பு, மீதியைத் தொடலாம். தனியாக, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 144 இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பராமரிப்புப் பிரிவு 125-தான் அது. அதன் கீழ் வந்த உத்தரவை மீறினால் வாரண்ட், ஒரு மாதம் வரை சிறை. சிறைக்குப் போய் வந்தாலும் பாக்கி அப்படியே இருக்கும். ஆனால் பாக்கி விழுந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போட வேண்டும். ‘பாவம், தருவார்’ என்று காத்திருந்து அந்த ஒரு வருடத்தைத் தாண்டவிட்டவர்கள் நிறையப் பேர்.

வக்கீல் கட்டணம் கஷ்டம் என்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

காக்ஸ்டவுன்_தோழி · புதன், மதியம் 1:30

நாங்க கிறிஸ்தவங்க. இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா சார்?

சாந்திநகர்_வக்கீல் · புதன், மதியம் 2:05

பிரிவு 144 எல்லா மதத்தினருக்கும் பொது. கஸ்டடிக்கு உங்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில் தனிப் பிரிவுகள் உள்ளன. 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டமும் பொதுவானது. எந்த வழியில் போனாலும் குழந்தையின் நலன் என்ற அளவுகோல் மாறாது.

ரெண்டு_வீட்டுப்_பிள்ளை · புதன், இரவு 11:15

அக்கா, எனக்கு 24 வயசு. எங்க அப்பா அம்மா பிரிஞ்சப்ப எனக்கு 8. இந்த இழையில பேசற எல்லாரும் பெத்தவங்க. அதனால பிள்ளை பக்கத்துலேர்ந்து ஒருத்தன் எழுதணும்னு தோணிச்சு.

சனிக்கிழமை அப்பா வர்றது, பால் பவன் குட்டி ரயில்ல போறது, இதெல்லாம் எனக்குப் பிடிச்சுது. பிடிக்குதுன்னு அம்மாகிட்ட காட்டிக்க மாட்டேன். வீட்டு வாசல் வந்ததும் மூஞ்சியை மாத்திப்பேன். யாரும் சொல்லித்தரலை, தானா வந்துடுச்சு. எட்டு வயசுல.

பெரிய கொடுமை அது இல்லை. பீஸ் சீட்டை நாலா மடிச்சு என் டிராயர் பாக்கெட்ல வெச்சு ‘அப்பாகிட்ட குடு’ன்னு அம்மா அனுப்புவாங்க. நான் அன்னைக்கு முழுக்க அதைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே இருப்பேன். எப்பக் குடுக்கறது? குடுத்தா அப்பா மூஞ்சி சுருங்கும், குடுக்கலைன்னா அம்மா திட்டுவாங்க. ஒருநாள் குடுக்காம கப்பன் பார்க் பெஞ்சுக்கு அடியில போட்டுட்டு வந்துட்டேன். அந்த வாரம் ரெண்டு பேருக்கும் போன்ல பெரிய சண்டை. அதுக்குக் காரணம் நான்தான்னு இன்னைக்கு வரைக்கும் அவங்களுக்குத் தெரியாது.

ஜட்ஜ் என்னைத் தனியா அறைக்குள்ள கூப்பிட்டுப் பேசினாங்க. ‘யார்கூட இருக்கணும்’னு எடுத்ததும் கேக்கலை. என்ன விளையாடுவ, யார் தலை சீவிவிடுவாங்க, ராத்திரி பயமா இருந்தா யாரைக் கூப்பிடுவ, இப்படித்தான். அதுக்கு முந்தின நாள் ரெண்டு வீட்லயும் எனக்குப் பாடம் எடுத்திருந்தாங்க. ஒப்பிச்சேன். அவங்க சிரிக்காம கேட்டுட்டு, ‘சரி, இதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தா?’ன்னாங்க. அழுதுட்டேன்.

பணத்துக்குச் சண்டை போடுங்க அக்கா, கோர்ட்ல போடுங்க, விடாதீங்க. அது உங்க பையனோட பணம். ஆனா அந்தச் சீட்டு அவன் பாக்கெட்டுக்குப் போக வேண்டாம்.

மகதி_ரோடு · வியாழன், காலை 8:40

பேசாம ஆறு மாசம் அம்மா, ஆறு மாசம் அப்பான்னு பிரிச்சுட்டா சண்டையே இருக்காதே? வெளிநாட்ல அப்படித்தானே?

சாந்திநகர்_வக்கீல் · வியாழன், காலை 9:15

இங்கேயும் நடந்திருக்கிறது. 2013-இல் நம் கர்நாடக உயர் நீதிமன்றமே ஒரு வழக்கில் ஜனவரி முதல் ஜூன் வரை தகப்பன், ஜூலை முதல் டிசம்பர் வரை தாய், செலவு சரிபாதி, சனி ஞாயிறு மற்றவர் வந்து பார்க்கலாம் என்று உத்தரவிட்டது. 2015-இல் சட்ட ஆணையம் தன் 257-ஆவது அறிக்கையில் கூட்டுக் கஸ்டடிக்குச் சட்டத்தில் இடம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்னும் சட்டமாகவில்லை. இரு வீடும் ஒரே பள்ளிக்குப் பக்கத்தில் இருந்து, இருவரும் பேசிக்கொள்ளும் நிலையில் இருந்தால் சரிவரும். அல்சூருக்கும் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் நடுவில் சில்க் போர்டு இருக்கிறது. ஆறு வயதுக் குழந்தையை அந்த நெரிசலில் தினம் இரண்டு முறை உட்கார வைப்பதை நான் ஒருநாளும் கேட்க மாட்டேன்.

இரண்டாம்_சனிக்கிழமை · வியாழன், இரவு 8:00

தங்கச்சி, ஒரு விஷயம் சேத்துச் சொல்றேன். ரெண்டு சனிக்கிழமைக்கு நடுவுல பதினாலு நாள் இருக்கு. சின்னப் பிள்ளைக்கு அது ரொம்ப நீளம். 2020-ல ஒரு தீர்ப்புல உச்ச நீதிமன்றம், பிள்ளை யார்கிட்ட இல்லையோ அவங்க தினமும் அஞ்சு பத்து நிமிஷம் வீடியோ கால்ல பேசணும்னு எழுதினதை என் வக்கீல் காட்டினார். அதை வெச்சுத்தான் நான் ராத்திரி 8:30 போன் வாங்கினேன். பேச ஒண்ணும் இருக்காது, அவ ஹோம்வொர்க் பண்ணுவா, நான் பாத்துக்கிட்டு இருப்பேன். அதுவே போதும். அவர் கேக்கலைன்னாலும் நீங்களே கொடுங்க.

இன்ஹேலர் பயத்துக்கு: தெரியாதுன்னா சொல்லிக் குடுங்க. எழுதிக் குடுங்க. எனக்கு எழுதிக் குடுத்திருந்தா நான் கத்துக்கிட்டிருப்பேன்.

ஸ்ரீராம்புரம்_பாட்டி · வெள்ளி, காலை 6:30

அந்தப் பிள்ளை எழுதினதைப் பேத்தியை விட்டு ரெண்டு தடவை படிக்கச் சொன்னேன். பாக்கெட்ல சீட்டு வெச்சு அனுப்பினது எங்க வீட்லயும் நடந்திருக்கு. வெச்சது நான்தான். இத்தனை வருஷம் அது எனக்கு உறைக்கலை. அனுப்பிடு கண்ணு. கேஸையும் விடாதே.

அல்சூர்_அம்மா · நாலாவது சனி, இரவு 9:50

புதன்கிழமை ஐ.ஏ. போட்டாச்சு. இலவசச் சட்ட உதவியில ஒரு வக்கீல் அம்மா கிடைச்சாங்க. ரசீது எல்லாம் அடுக்கிக் கொண்டுபோனதைப் பாத்து ‘இப்படி யாரும்மா வெச்சிருக்கா’ன்னாங்க. அவருக்கு நோட்டீஸ் போகும். அதே கட்டடத்துல இருக்கற மீடியேஷன் சென்டருக்குப் போகத் தயாரான்னு கேட்டாங்க, சரின்னு கையெழுத்துப் போட்டேன். காய்ச்சல்னு சொன்னது பொய்ன்னு அவருக்கு மெசேஜ் அனுப்பிட்டேன். பதில் வரலை.

இன்னைக்குக் காலைல 10 மணிக்குப் பையனை அனுப்பினேன். பைக்குள்ள இன்ஹேலர், ஸ்பேசர், கூட ஒரு பேப்பர். குலுக்கறதுலேர்ந்து வாய் கொப்பளிக்கற வரைக்கும் ஒண்ணு ஒண்ணா எழுதி வெச்சேன். பணத்தைப் பத்தி ஒரு வார்த்தை எழுதலை.

பகல் முழுக்கப் போனைக் கையிலயே வெச்சிருந்தேன். 5 மணிக்கு 10 நிமிஷம் இருக்கறப்பவே கொண்டுவந்து விட்டுட்டார். கீழேயே நின்னார், மேல வரலை. பையன் தூங்கின பிறகு பையைப் பிரிச்சேன். பேப்பர் அதே மடிப்புல இருந்தது. என் எழுத்துக்குக் கீழ அவர் கையெழுத்துல: ‘மதியம் 2:40, ரெண்டு பஃப். பத்து மூச்சு எண்ணினேன். வாய் கொப்பளிச்சான். அடுத்த தடவை எனக்கு ஒரு ஸ்பேசர் வாங்கி வெக்கறேன், எந்த அளவு?’

நீலக் கலர் மாஸ்க் போட்டது, சின்னப் பிள்ளைங்க அளவுன்னு மெசேஜ் அனுப்பினேன்.